நன்றிச் சீட்டு

“அப்ப இந்த வருசம் ஒண்ணும் எழுதலயா?”

“எழுதற மாதிரி ஒண்ணுமில்லீங்க.”

“முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள்ல ஒண்ணுகூடவா இல்ல? ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறவங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துவுட்டுருக்காங்க.”

“அவங்களுக்கு நேரமிருக்குது. எனக்குப் புழு பழுக்கப் போவுது.”

“அதையே எழுதிக் குடேம்மா. புழு நல்லா பழுத்ததுக்கு நன்றின்னு.”

“இன்னும் பழுக்கலீங்களே. பழுத்து, கூடு கட்டி, மார்க்கெட்டுக்குப் போவட்டும். அப்பறம் சொல்லிக்கறேன். முன்னாடியே நன்றி சொல்றதெல்லாம் எனக்கு ஒத்துவரலீங்க.”

கோயில் உபதேசியார் குப்புராஜ் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைத்துப் போட்டிருந்த சாக்குக்கு அந்தப் பக்கமே அவர் நின்றுகொண்டிருந்தார். புழுக்கொட்டகையில் அந்தச் சாக்கைத் தாண்டி வெளியாள் வரக்கூடாது. மேட்டுக்கொட்டாயில் பட்டுப்புழு வளர்க்கிற எல்லா வீட்டிலும் இந்தச் சட்டம் உண்டென்றாலும் மதலேனம்மாளின் கொட்டகையில் அது கொஞ்சம் கூடுதல் கடுமை. தலையில் எண்ணெய் வாசனை ஆகாது, வாயில் பீடி வாசனை ஆகாது, சட்டையில் சென்ட் வாசனை ஆகவே ஆகாது. உபதேசியாரிடம் அன்றைக்கு முதலாவதும் மூன்றாவதும் இருந்தன. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் ஊரின் நன்றியெல்லாம் நான்காக மடித்துக் கிடந்தது.

அன்று டிசம்பர் முப்பத்தொன்று. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது மேட்டுக்கொட்டாய். நாற்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு சின்னக் கோயில். நடுச்சாமப் பூசையைப் பங்குச் சாமியார் பெரிய கோயிலில் வைக்க வேண்டியிருப்பதால், வருடக் கடைசி நாளில் இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கே பூசை. அதற்கு முந்தைய அரைமணி நேரம் சீட்டு வாசிப்பு. ஒவ்வொரு வீடும் அந்த வருடம் பெற்ற நன்மைகளை ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். உபதேசியார் மைக்கில் அதை வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் ஒரே குரலில் “ஆண்டவரே, உமக்கு நன்றி” என்பார்கள். எருமை ஈன்றதும் வரும், போர்வெல்லில் தண்ணீர் வந்ததும் வரும். ஒரு வருடம் ஒருவர், பக்கத்துக் காட்டுக்காரனோடு இருந்த வழக்கு ஜெயித்ததற்கு நன்றி எழுதிக் கொடுக்க, அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரும் சபையோடு சேர்ந்து “உமக்கு நன்றி” சொல்ல வேண்டியதாயிற்று.

“போன வருசத்த நெனச்சுட்டுச் சொல்றியாம்மா?” என்றார் உபதேசியார், குரலை இறக்கி.

“தழ வாடுதுங்க” என்று மதலேனம்மாள் திரும்பிக்கொண்டாள்.

தோட்டத்திலிருந்து மல்பெரித் தழைக்கட்டைத் தலையில் சுமந்து வந்த சவுரியப்பன் இதைக் கேட்டுக்கொண்டே வந்தான். கட்டை நிழலில் இறக்கி, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, “நான் குடுக்கறேன் உபதேசியாரே. சாயங்காலம் கையிலயே கொண்டாறேன்” என்றான்.

“நீ எழுதுவியா சவுரி?”

“ஏன், எனக்குக் கையில்லயா? மூணாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கறேன்.”

“மூணாங்கிளாஸ்ல அணில், ஆடுதானப்பா வரும். நன்றி வராதே.”

“அணிலுக்கு நன்றின்னு எழுதிட்டுப் போறேன். உனுக்கென்ன, வாசிக்கறதுதான உன் வேல.”

உபதேசியார் சிரித்துக்கொண்டே போனார். மதலேனம்மாள் கணவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

போன வருடம் இதே நாளில் அந்தக் கோயிலில் வாசித்த சீட்டில் மதலேனம்மாளின் கையெழுத்து இருந்தது. ‘எங்கள் மகள் ஜெனோவாவுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு குழந்தை பாக்கியம் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி.’ ஜெனோவாவும் அன்றைக்குக் கோயிலில்தான் இருந்தாள். ஐம்பது நாள் கரு. கணவனைத் தவிர அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள், மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. மூணு மாசம் முடியட்டும்மா, யாருகிட்டயும் மூச்சு விடாத என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். மைக்கில் தன் பெயர் வந்ததும் கோயிலே திரும்பிப் பார்த்தது. மதலேனம்மாள் எழுந்து நின்றாள். ஜெனோவா எழவில்லை. பன்னிரண்டாம் நாள், ஜனவரி பன்னிரண்டில், அது கலைந்துபோயிற்று.

அதற்கப்புறம் ஜெனோவா இந்த வீட்டுக்கு இரண்டே முறைதான் வந்தாள். ஈஸ்டருக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு ஒரு தடவை. இரண்டு தடவையும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உள்ளே கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி சத்தம். நாற்பதாயிரம் புழு தழை தின்கிற சத்தம் அது. புதிதாகக் கேட்பவர்கள் ஓட்டின்மேல் தூறல் விழுகிறதென்று நினைத்து வெளியே எட்டிப் பார்ப்பார்கள். மதலேனம்மாள் ஒரு அடுக்கின் முன்னால் குனிந்து நின்று கேட்டாள். நேற்றைக்கு இருந்த சத்தம் இல்லை, பாதிதான் இருந்தது. தின்பதை நிறுத்திய புழுக்கள் தலையைத் தூக்கி அந்தரத்தில் எதையோ தேடின. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். உடம்பு மஞ்சளோடி, விளக்கு வைத்த காகிதக் கூடு போல உள்ளே வெளிச்சம் தெரிந்தது. பழுத்துவிட்டது.

பழுத்த புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கூடு கட்டுவதற்குச் சந்திரிகையில் விடவேண்டும். மூங்கில் தட்டியில் வளைந்து வளைந்து போகிற பட்டையை வைத்துப் பின்னியது சந்திரிகை. விடத் தாமதித்தால் புழு தழைக்குச்சியிலேயே நூலை விட்டு வீணாக்கிவிடும். ஒருநாள் பொழுதுக்குள் கை நிறைய ஆள் வேண்டும். ஆனால் கூலிக்கு வருகிற இரண்டு பெண்களும் செவ்வாடை கட்டி, மாலை போட்டு மேல்மருவத்தூர் கிளம்பிவிட்டார்கள். ஊரில் மற்றவர்கள் புதுவருடக் கச்சாயம் சுடுகிறார்கள்.

“நான் கோயிலுக்கு வர்ல. நீ போய்ட்டு வா” என்றாள் மதலேனம்மாள்.

“ஒரு ஆளு வருது” என்றான் சவுரியப்பன்.

“யாரு?”

“வந்தா தெரியப்போவுது.”

“எண்ண வெச்ச தலையோட எவளயாச்சும் கூட்டியாந்து உள்ள வுட்றாத.”

அவன் பதில் சொல்லாமல் சந்திரிகைகளை வெயிலில் சாத்தப் போனான். வெயில் என்று பெயர்தான். காலை பத்து மணி வரைக்கும் பனி மல்பெரிக் காட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. கொட்டகைக்குள் சூட்டுக்காக வைத்த கரியடுப்பை அணைக்க முடியவில்லை.

களி கிண்ட உலை வைத்துவிட்டு மதலேனம்மாள் சுவரிலிருந்து கோயில் காலண்டரைக் கழற்றினாள். வருடக் கடைசியில் அதைப் பிரித்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஒவ்வொரு பேட்ச்சும் எந்த நாளில் இளம்புழு வந்தது, எந்த நாளில் கூடு அறுத்தது என்று கட்டத்துக்குள் பென்சிலால் எழுதி வைத்திருப்பாள். இப்போதுள்ளதைத் தவிர ஆறு பேட்ச். ஜூனில் எடுத்தது மட்டும் பால் நோவு வந்து, புழுவெல்லாம் வீங்கிப் பால் கக்கிச் செத்தது; குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் படம் போட்டிருந்தது. எல்லா வெள்ளியும் ஒருவேளைதான் சாப்பிட்டாள். தினமும் ஜெபமாலை சொன்னாள். சவுரியப்பனுக்கு, தம்பி குடும்பத்துக்கு, மழைக்கு, செத்துப்போனவர்களுக்கு என்று வரிசையாக வேண்டிக்கொண்டு வருவாள். மகள் பெயர் வருகிற இடத்தில் ஒரு மணியை விரல் அப்படியே தாண்டிவிடும். தாண்டியது தெரியும். திரும்பிப்போய் அந்த மணியைப் பிடிக்க முடியாது. சொன்ன நன்றியை எந்தக் கடவுள் இப்படித் திருப்பிக் கொடுத்தாரோ, அவரிடமே போய் அந்தப் பெயரை மறுபடி எப்படிச் சொல்வது?

ஜனவரி பன்னிரண்டாம் கட்டத்தில் எழுத்து எதுவும் இல்லை. பென்சிலை அழுத்தி வைத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருந்தாள். முன்னாடியே நன்றி எழுதிக் குடுத்துட்டேங்க சாமி, அதனாலதான் இப்படி ஆச்சுன்னு எம் மவ நெனைக்கறா. சாமியார் சின்ன வயது. நன்றி சொல்றது பாவமில்லம்மா, கண்பட்டு யாருக்கும் கரு கலையாது, மருத்துவக் காரணம் இருக்கும் என்றார். பரிகாரமாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். ஆனால் அவள் சொல்லப்போன பாவம் அது இல்லை என்று எழுந்து வெளியே வந்தபின்தான் அவளுக்குத் தெரிந்தது.

பதினொன்றரை பஸ் ஹாரன் அடித்துப் போன கொஞ்ச நேரத்தில், கேட்டைத் தள்ளிக்கொண்டு ஜெனோவா வந்தாள்.

சுடிதாருக்கு மேலே கணவன் கதிரவனுடைய பெரிய ஸ்வெட்டரைப் போட்டு, கழுத்து வரைக்கும் ஜிப்பை ஏற்றியிருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை நிறைய அவரைக்காய். மாரண்டஹள்ளி மண்டியில் கதிரவன் காய்கறி வியாபாரம் பார்க்கிறான்.

“அப்பா போன் பண்ணாரு. புழு பழுத்துடுச்சு, ஆளில்லன்னாரு” என்றாள். அம்மாவிடம் என்று சொல்ல முடியாது, பொதுவாகச் சொன்னாள்.

“வா” என்றாள் மதலேனம்மாள். “சாப்ட்டியா?”

“சாப்ட்டுத்தான் வந்தேன்.”

“களி கிண்டறேன். பிதுக்கம்பருப்புக் கொழம்பு.”

“அப்ப ஒரு வாய் சாப்புடறேன்.”

கொட்டகைக்குள் போக முழங்கை வரை கழுவ வேண்டும். ஜெனோவா தொட்டியருகே நின்று ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டாள். மதலேனம்மாள் மொண்டு ஊற்றச் சொம்பைத் தூக்கியவள், அப்படியே நின்றாள். தண்ணீர் சொம்பிலிருந்து தானாக வழிந்து அவள் காலில் விழுந்தது.

“எத்தன மாசம்?”

“ஆறு முடியப்போவுது.”

“ஆறு.”

“ம்.”

மதலேனம்மாள் தண்ணீர் ஊற்றினாள். மகள் இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

“யார் யாருக்குத் தெரியும்?”

“அங்க எல்லாருக்கும் தெரியும். வயிறு மறைக்கற சாமானா?”

“உங்கப்பாவுக்கு?”

ஜெனோவா கொஞ்சம் தயங்கினாள். “நவம்பர்ல தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குப் போனேன். அப்பா கூடு விக்க மார்க்கெட்டுக்கு வந்தாரு. பஸ் ஸ்டாண்டுல எதுத்தாப்பல வந்துட்டாரு. நாந்தான் சொல்லாதன்னேன்.”

சந்திரிகைகளுக்குப் பின்னாலிருந்து சவுரியப்பன் இருமினான்.

“ரெண்டு மாசமா எம் பக்கத்துல உக்காந்து சோறு திங்கறாரு. தெனமும் ஜெபமால சொல்றாரு. ஒரு வார்த்த வரலயே” என்றாள் மதலேனம்மாள்.

“சத்தியம் வாங்கிட்டா. பைபிளு மேல இல்ல, மாதுளம்பழத்து மேல. நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ஒரு கிலோ” என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை போல, தழைக்கட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

மூன்று பேரும் களி சாப்பிட்டார்கள். ஜெனோவா இரண்டு உருண்டை சாப்பிட்டாள். பிதுக்கம்பருப்பை இரண்டாம் தடவை அவளே கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மதலேனம்மாள் பார்க்காத மாதிரி பார்த்தாள். அவள் மனசு மாதங்களைப் பின்னால் எண்ணிக்கொண்டு போயிற்று. மாதா திருநாளன்று இவள் வந்தபோது காப்பி போட்டுக் கொடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். எங்கையால ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேங்கறா என்று ஒரு வாரம் அழுதாள் மதலேனம்மாள். அன்றைக்குக் கோபம் இல்லை, மசக்கை. அந்தக் குழந்தை அன்றைக்கே இந்த வீட்டுக்குள் வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. இவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அது சீக்கிரம் கிளம்பிப் போயிருக்கிறது.

இரண்டு மணிக்குப் புழு மளமளவென்று பழுக்க ஆரம்பித்தது. ஜெனோவாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, குனியாதே, கொடுப்பதை வாங்கிச் சந்திரிகையில் விட்டால் போதும் என்றாள் மதலேனம்மாள். அவளும் சவுரியப்பனும் அடுக்குகளிலிருந்து பொறுக்கித் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழுத்த புழு கையில் ஈரமாக ஒன்றுக்கு விடும். அந்த ஈரமும் தழையின் பச்சை வாசனையும் கரிச்சூடுமாகக் கொட்டகை கனத்துக் கிடந்தது. ஜெனோவாவுக்குக் கை மறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருடம் செய்த வேலை. இரண்டு விரலால் நோகாமல் எடுத்து, பட்டைச் சந்துக்கு ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் விட்டாள். தொட்டுக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஒரே கூடாகக் கட்டிவிடும். அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஐந்தேகாலுக்குச் சவுரியப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். “நான் போயிட்டு வந்துடறேன். வூட்டுக்கு ஒராளாச்சும் நிக்கணுமில்ல.”

“சீட்டு எழுதிட்டியா?” என்றாள் மதலேனம்மாள்.

“ம்.”

“என்ன எழுதியிருக்கற?”

“அணிலுக்கு நன்றி.”

“அப்பா” என்றாள் ஜெனோவா. அவள் குரல் மாறியிருந்தது. கையிலிருந்த புழுவைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள்.

“ஒண்ணும் எழுதலடி. உன்னப்பத்தி ஒரு எழுத்து இல்ல. போ, வேலயப் பாரு.” அவன் போய்விட்டான்.

ஆனால் ஜெனோவா உடனே வேலையைத் தொடரவில்லை. துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். கொட்டகையின் மேல்பக்கத்து வலைஜன்னல் வழியாக, கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கொரகொரவென்று உயிர் பெறுவது கேட்டது.

“இங்க வரைக்கும் கேக்குமா?”

“ஏரிக்கரை வரைக்கும் கேக்கும்.”

“போன வருசமும் கேட்டுருக்கும்.”

மதலேனம்மாள் புழு பொறுக்கினாள்.

“ஒண்ணு கேக்கட்டாம்மா? கோச்சுக்காத. இந்தக் கொட்டாய்க்குள்ள யாரயாச்சும் வுட்ருக்கறியா? உபதேசியார சாக்குக்கு அந்தப் பக்கம் நிக்க வெக்கற. பக்கத்து வூட்டுக்காரங்க வந்தா, நாளைக்கு வாங்கங்கற. எத்தன முட்டையோட புழுன்னு யாரு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்ட. நாலு பேரு வந்து பாத்தா நோவு வரும்ப. புழுவ இப்டி பொத்திப் பொத்தி வெக்கற. என்னைய மட்டும் மைக்ல போட்டியே.”

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. பஸ் நேரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இந்த ஒரு வருடமாக அதை அவள் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். சொற்களெல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தன.

“உங்க மாமியா என்ன சொன்னாங்க?” என்றாள் மதலேனம்மாள்.

“அவங்களுக்கு மைக்ல போட்டதே பத்து நாளு கழிச்சுத்தான் தெரியும், ஊர்க்காரங்க சொல்லி. எங்கிட்டச் சொல்லலியேன்னு அவங்களுக்கு வருத்தம் இருக்காதா? ஒரு வார்த்த கேக்கல. ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா எங்கால அமுக்கிட்டு உக்காந்துருந்தாங்க. உங்கம்மாவத் திட்டாதடி, சந்தோசத்துல செஞ்சுருப்பாங்கன்னாங்க. அதான் எனக்குத் தாங்கல.”

“சந்தோசத்துல செய்யல.”

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள்.

ஸ்பீக்கரில் உபதேசியாரின் குரல் வந்துவிட்டது. தர்மன் குடும்பம், மகன் ரஞ்சித்குமாருக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரமானதற்காக. ஆண்டவரே, உமக்கு நன்றி. காவேரி குடும்பம், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காகவும், மாட்டுக்கு வந்த காணை நோய் சரியானதற்காகவும். ஆண்டவரே, உமக்கு நன்றி.

“சந்தோசமிருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காவ எழுதல” என்றாள் மதலேனம்மாள். கை நிற்காமல் பொறுக்கிக்கொண்டே இருந்தது. அது நின்றால் பேச்சு நின்றுவிடும் என்பதுபோல. “மூணு வருசமா நம்ம ஊரு பெரியம்மாள் கோயில்ல எங்கிட்ட ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேப்பா. என்ன மதலேனா, மாரண்டஹள்ளியில விசேசமான்னு. அவ கேக்கற தினுசு உனக்குத் தெரியும். வேற சாமி கும்புடற வூட்ல குடுத்தா இப்டித்தான்னு ஒரு தடவ எங்காதுபடவே சொன்னா. நீ அன்னிக்கு வந்து சொன்னியா, எனக்கு மொதல்ல கடவுளு ஞாபகம் வரல. அவ மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. அவ எப்பவும் உக்கார்ற மூணாவது வரிச. வாசிக்கறப்ப நான் எந்திரிச்சு நின்னேனில்ல? பீடத்தப் பாக்கல நானு. திரும்பி அவளத்தான் பாத்தேன்.”

ஜெனோவா அடுத்த புழுவை எடுத்துப் பட்டைச் சந்தில் விட்டாள்.

“கடவுளுக்கு எழுதறேன்னு பேர் போட்டு பெரியம்மாளுக்கு எழுதுனேன். இத சாமியாருகிட்டக்கூட சொல்லல. சொல்றதுக்கு நாக்கு எழும்பல.”

“பெரியம்மாளுக்கா?”

“ஆமா.”

“அந்தக் கெழவிக்காவா?”

“எனக்கு ரெண்டு வயசு எளயவடி அவ.”

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அதை அடக்கியபோது கண் நிறைந்துவிட்டது. கை முழுக்கப் புழுவின் ஈரம், துடைக்க முடியாது. தோளை உயர்த்தி அதில் முகத்தைத் துடைத்தாள்.

“கண்ணு பட்டுத்தான் போச்சுன்னு நான் நெனைக்கலம்மா. டாக்டரு வெவரமா சொன்னாங்க. வளர்ச்சி இல்லாத கருவாம், எப்டியும் நின்னுருக்காதாம். அது இல்ல எனக்கு. அது போனப்பறம் ஊரே துக்கம் கேக்க வந்துச்சே. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்சுருந்தா, நாங்க ரெண்டு பேரு அழுதுட்டு எந்திரிச்சுருப்போம். பஸ்ல ஏறுனா கேட்டாங்க. ரேசன் கடையில கேட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு பொம்பள, கொழந்த எப்டியிருக்குதுன்னு கேட்டா. அவளுக்குப் பாதிதான் தெரியும்.”

மதலேனம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். இது அவளுக்குத் தெரியாது. வருடம் முழுக்கக் கடவுளிடம் பேசிப் பேசிப் பார்த்தது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். அந்த நாளுக்குப் பின்னால் மகள் ஏறிய பஸ்களையும் நின்ற வரிசைகளையும் அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

“சவுரியப்பன், மதலேனம்மாள் குடும்பம்” என்றது ஸ்பீக்கர்.

இருவரும் அசையவில்லை. குழாயில் தாள் பிரிகிற சத்தம் வந்தது. உபதேசியார் தொண்டையைச் செருமினார். சவுரியப்பனின் கையெழுத்தைப் படிப்பது லேசான காரியம் இல்லை.

“ஆறு பேட்ச்சில் அஞ்சு பேட்ச் நல்லபடியாக வந்ததற்காகவும். மோட்டார் காயில் போகாமல் ஓடினதற்காகவும்.” ஒரு நிறுத்தம். “எங்கள் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தூங்காமல் பார்த்துக்கொண்ட எங்கள் சம்பந்தி ராமக்காளுக்காகவும்.”

ராமக்காள் என்ற பெயர் அந்த மைக்கில் அதுவரை வந்திருக்காது. பிறகு எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே, உமக்கு நன்றி என்றார்கள். அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டது.

“அப்பா போயி அத்தையப் பாத்துப் பேசியிருக்காரா?” என்றாள் ஜெனோவா.

“எனக்கென்ன தெரியும். நான் இந்த வூட்ல சோறு பொங்கறவ.”

இந்தத் தடவை ஜெனோவா சிரித்தேவிட்டாள். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நெளிந்தாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. ஒதைக்குது. மைக் சத்தம் கேட்டா ஒதைக்கும், அங்க மாரியம்மன் கோயில்ல போட்டாலும் ஒதைக்கும்.”

மதலேனம்மாளின் கை பாதித் தூரம் நீண்டு, அங்கேயே நின்றது. கை முழுக்கப் புழு ஈரமும் தழைக்கறையும். அந்தக் கையை மகள் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, நகர்ந்துகொள்ளவும் இல்லை. மதலேனம்மாள் கையைத் திரும்ப எடுத்து, அடுத்த அடுக்கில் பழுத்திருந்த புழுவை எடுத்தாள். ஜெனோவா உள்ளங்கையை நீட்டினாள். அதில் விட்டாள்.

இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு சந்திரிகைகள் நிறைந்தன. முதலில் விட்ட புழுக்கள் தலையை எட்டு போல ஆட்டி ஆட்டி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நூலால் தங்களைச் சுற்ற ஆரம்பித்திருந்தன. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பூசை மணி அடித்தது. பாட்டு ஆரம்பித்தபின் பேச்சு எடுபடாது என்று மதலேனம்மாளுக்குத் தெரியும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊரறிந்த முறை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, ஐந்து வகைச் சோறு கட்டி, இவர்களாகவே போய்க் கூட்டிவர வேண்டியது. கேட்கவே வேண்டியதில்லை. ராமக்காளும் மறுக்க மாட்டாள். அப்படி வேன் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றால் ஜெனோவாவும் ஒன்றும் சொல்லாமல் ஏறி வந்துவிடுவாள். அதை நினைத்ததும் மதலேனம்மாளுக்கு மறுபடி அவளைக் கேட்காமல் கோயிலில் எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு மகளின் ஸ்டூலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஜெனோ.”

“ம்.”

“பங்குனி கடசியில இந்தக் கொட்டாயில புழு வெக்க மாட்டேன். அந்த ஒரு பேட்ச் வேணாம்னு வுட்டுடறேன். உள்ரூம காலி பண்ணி வெள்ளயடிச்சு வெக்கறேன். யாரு வந்து கேட்டாலும் சாக்குக்கு அந்தப் பக்கமே நிக்கட்டும், பெரியம்மாளா இருந்தாலும் சரி, சாமியாரா இருந்தாலும் சரி. நீ சொல்ற வரைக்கும் நான் கோயில்ல வாயத் தொறக்க மாட்டேன்.”

ஜெனோவா கையிலிருந்த புழுவுக்குச் சந்திரிகையில் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

“முறன்னு சொல்லிக் கூப்புடலடி. முறையெல்லாம் நான் கெடுத்துக்கிட்டேன். அங்கதான் உனுக்கு சவுரியம்னா அங்கயே இரு, நான் சோறாக்கி எடுத்துட்டு பஸ்ஸேறி வந்துட்டுப் போறேன். இருந்தாலும் கேக்கறேன். பொறப்புக்கு இங்க வர்றியா?”